நஸ்ரினின் காலில் இருந்த புள்ளிகள்

1

சென்ற ஆண்டு நோன்பு மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் தங்கையின் கணவர் அன்வரைத் தொலைபேசியில் அழைத்து, "நீங்க என் தங்கச்சி மேல கை வைக்கிறீகளா?" என்று கேட்டேன். இந்த ஆண்டு நோன்பு மறுபடியும் வந்துவிட்டது. முதல் நோன்பைத் திறக்கும்போது அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் ரஹ்மத். திண்டுக்கல் நாகல் நகரில் பிறந்து வளர்ந்தவள். ஒன்பது ஆண்டுகளாக ஜெர்மனியின் வடக்கே ஒரு மழை நகரத்தில் இருக்கிறேன். கணவருக்கும் எனக்கும் வேலை இங்கே. மகள் மரியம் மூன்று வயதில் வந்தவள், இப்போது பன்னிரண்டு. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அவசரமாக ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும்.

என் வேலை நோய் எதிர்ப்பு செல்களைப் பற்றிய ஆய்வு. கிருமி வந்தால் அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் செய்பவை பி செல்கள். அவை அளவு மீறாமல், நம் உடம்பின் மேலேயே பாயாமல் பார்த்துக்கொள்வதற்கென்று வேறு செல்கள் உண்டு. அடக்கி வைக்கும் செல்கள் என்று சொல்லலாம். சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, பி செல்களோடு ஒரே கிண்ணத்தில் விட்டு, என்ன நடக்கிறது என்று பார்ப்பது என் அன்றாடம். அம்மா தன் தோழிகளிடம், "அங்க எலி ரத்தத்துல சண்டை விலக்கி விடுற வேலை" என்று சொல்லி வைத்திருக்கிறார். அதைவிடச் சரியாக என்னாலும் சொல்ல முடிந்ததில்லை.

2

ஞாயிறுதோறும் நஸ்ரினோடு வீடியோவில் பேசுவது வழக்கம். அவள் எனக்கு ஏழு வயது இளையவள். நத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள். அன்வர் அங்கே புளி வியாபாரம் செய்கிறார். தோப்புக்காரர்களிடம் வாங்கி, ஆள் வைத்து ஓடு தட்டிக் கொட்டை எடுத்து, மூட்டை போட்டு அனுப்புவார். மண்டியும் வீடும் ஒரே கட்டடம். மூட்டை தூக்கிப் பழகிய கைகள். குரல் பெரிது. திரையில் நஸ்ரின் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால், "ஏலே, அந்தச் சாக்க எங்க வச்ச?" என்று யாரையோ அவர் அதட்டுவது கேட்கும். எனக்கு அந்தக் குரல் தொடக்கத்திலிருந்தே பிடிக்காது.

ஒருநாள் நஸ்ரின் தலைமுடியை ஒதுக்கக் கையை உயர்த்தினாள். மேல்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்னிப் போயிருந்தது.

"என்னடி அது?"

"கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்க்கா."

அடுத்த வாரம் தாடைக்குக் கீழே ஒன்று. என் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எங்க இடிச்சேன்னே தெரியலக்கா" என்றாள். அடுத்த வாரம் முன்கையில் இரண்டு. அன்று அவள் மிகவும் களைப்பாக இருந்தாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அடுப்பில் வெஞ்சனம் வைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

இங்கே மருத்துவரின் காத்திருப்பு அறைகளில், பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறத்தில், ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். வீட்டில் உங்களுக்குப் பயமாக இருக்கிறதா, காயத்தை மறைக்கிறீர்களா என்று கேள்விகளும், கீழே ஒரு தொலைபேசி எண்ணும். ஒன்பது ஆண்டுகளாக அந்தத் தாளைப் படித்திருக்கிறேன். நஸ்ரின் முக்காட்டை இழுத்தபோது அந்தக் கேள்விகள் வரிசையாக என் தலைக்குள் ஓடின. முன்கையில் அந்த இரண்டையும் பார்த்த அன்றே அம்மாவை அழைத்தேன். பிறகு அன்வரை.

கேள்வியைக் கேட்டு முடித்தேன். மண்டியில் யாரோ தராசில் எதையோ போடும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெரிய குரல் மிகவும் சின்னதாகிச் சொன்னது:

"அக்கா, நீங்க கேட்டது என் காதுல விழல. போன வைக்கிறேன்."

குற்றமுள்ளவன் பேச மாட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

3

மறுநாள் காலை அம்மா பஸ் ஏறி நத்தம் போனார். அறுபத்தைந்து வயது, மூட்டு வலி, நோன்பு வேறு. மண்டி வாசலில், புளி தட்டிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேர் முன்னால், "என் மகள அடிச்சுக் கொல்றதுக்கா கட்டிக் குடுத்தேன்?" என்று கத்தியிருக்கிறார். நஸ்ரின் ஓடிவந்து, "அம்மா, சத்தம் போடாத. அவுக என்னத் தொடவே பயப்படுறாக. தொட்டாலே கன்னிப் போகுதுன்னு சொல்றாக" என்றாளாம்.

"எல்லாப் பொம்பளையும் இப்படித்தான் சொல்லுவா" என்றார் அம்மா.

அந்த வாக்கியம் அம்மாவுடையதல்ல, என்னுடையது. முந்தின நாள் தொலைபேசியில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்: "அவ இல்லன்னுதான் சொல்லுவாம்மா. நம்பாதீங்க."

நஸ்ரினை அம்மா நாகல் நகருக்குக் கூட்டிவந்துவிட்டார். அன்வர் தடுக்கவில்லை. அவளுடைய பையை பஸ் வரை தூக்கி வந்து கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அதைக்கூட நாங்கள் அவருக்கு எதிராகத்தான் எடுத்துக்கொண்டோம். நிம்மதி, விட்டது தொல்லை என்று அனுப்பிவிட்டான் பார் என்றோம். நாகல் நகர் வீட்டில் நஸ்ரின் என்னோடு பேச மறுத்துவிட்டாள். கோபம் அடங்கினால் பேசுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆய்வகத்தில் வழக்கம்போல வேலை ஓடியது.

மரியம் மட்டும் ஒருமுறை கேட்டாள், ஜெர்மனில். "யாரும் அடிக்கலன்னு சின்னம்மா சொன்னாங்கன்னா, அவங்க சொல்றத ஏன் நம்பல?"

"உனக்குப் புரியாது" என்றேன். ஊரைவிட்டுத் தள்ளி வளர்ந்த பிள்ளை, நம் வீடுகளில் எதைப் பேசுவார்கள் எதை மறைப்பார்கள் என்று அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

4

பெருநாளுக்கு முந்தின நாள். இங்கே முற்பகல், அங்கே மதியம் தாண்டிய நேரம். நஸ்ரின் என்னோடுதான் பேச மாட்டாள், மரியத்தோடு பேசுவாள். அம்மா நஸ்ரினுக்கு மருதாணி இட்டுவிடுவதை வீடியோவில் மரியத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கைகள் முடிந்து, கால் நடந்துகொண்டிருந்தது. நஸ்ரின் பாவாடையை முழங்கால் வரை தூக்கி வைத்திருந்தாள். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, சின்னம்மா கால்ல புள்ளி" என்றாள் மரியம் தமிழில்.

அவள் தமிழைத் திருத்துவது என் பழக்கம். "அத புள்ளின்னு சொல்லக் கூடாது. கன்னிப் போயிருக்குன்னு சொல்லணும்."

"இல்லம்மா. அது கையில. அது பெரிசு. இது புள்ளி. சிவப்பு. நிறைய நிறைய."

ஈரக் கையோடு வந்து திரையைப் பார்த்தேன். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, ஊசி முனையால் குத்தியது போல் நூற்றுக்கணக்கான சிவப்புப் புள்ளிகள்.

"அம்மா, அந்தப் புள்ளி மேல வெரல வச்சு அழுத்துங்க. செவப்பு மறையுதா?"

அம்மா அழுத்தினார். "மறையலயே. கொசுக்கடியா இருக்கும்."

"நஸ்ரின், பல்லு வெளக்குனா ரத்தம் வருதா?"

அவள் என்னைப் பார்த்தாள். மூன்று வாரங்களாகப் பார்க்காத பார்வை. "ரெண்டு மாசமா வருது. பேஸ்ட்ட மாத்திப் பாத்தேன்."

"மாசக் கணக்கு?"

"அது வந்தா நிக்கவே மாட்டேங்குது. அதான் இம்புட்டு அசதி."

அவளை யாரும் அடிக்கவில்லை. அவள் ரத்தத்தில் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் இல்லை. ரத்தம் உறைவதற்கு முதலில் ஓடிவர வேண்டிய அந்த அணுக்கள் இல்லாததால், கட்டில் கால் பட்டாலும் சாக்கு உரசினாலும் தோலுக்கடியில் கசிந்துகொண்டிருந்தது. அப்படிக் குறைய வைக்கும் நோய்கள் பல உண்டு. ஆனால் அவள் வயதுக்கும் நிலைக்கும் முதலில் தோன்றியது ஒன்றுதான். பி செல்கள் வழிதவறி, சொந்தத் தட்டணுக்கள் மேலேயே ஒட்டுகிற எதிர்ப்பொருளைச் செய்துவிடும். அடக்கி வைக்க வேண்டியவை அடக்காமல் விட்டிருக்கும். இந்த நோயின் பெயரை எழுதாமல் நான் ஒரு அறிக்கைகூட அனுப்பியதில்லை. எலிகளில் அதைத் தேடியவள், என் தங்கையின் தோலில் பார்க்கவே இல்லை.

உடனே ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னேன்; பக்கத்துப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் அம்மா அழைத்தார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே. உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தலைக்குள் கசிந்தால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

"யாருடி கூட்டிட்டுப் போறது? நான் ஒருத்தி என்ன செய்வேன்?" என்று அழுதார்.

ஒரே ஒரு எண்தான் இருந்தது. அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"மாப்ள, நஸ்ரினுக்கு ரத்தத்துல பிரச்சினை. நான் கேட்டது பெரிய தப்பு. நான்…"

"அக்கா, அத விடுங்க. எங்க வரணும்னு மட்டும் சொல்லுங்க."

பெருநாள் தொழுகையை அவர் மதுரையில் ஆஸ்பத்திரிக்கு அருகிலிருந்த பள்ளிவாசலில் தொழுதார்.

5

நான் கிளம்புவதற்கு ஒரு தடை இருந்தது. என் வசிப்பு அட்டை காலாவதியாகி, புதியது வரவில்லை. இடைக்காலச் சான்று இல்லாமல் போனால் திரும்பி நுழைய முடியாது. பெருநாளுக்கு மறுநாள், முன்பதிவு இல்லாமல், வெளிநாட்டவர் அலுவலகத்தின் வரிசையில் போய் நின்றேன்.

ஜன்னலுக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மையார். "என் ஷ்வெஸ்டர் மருத்துவமனையில் இருக்கிறாள், நான் உடனே போக வேண்டும்" என்றேன். அந்த மொழியில் ஷ்வெஸ்டர் என்றால் சகோதரி, செவிலியும் அதேதான்.

"அப்படியா, எந்தப் பிரிவில் வேலை?" என்று கேட்டார் தட்டச்சு செய்துகொண்டே.

"ரத்தப் பிரிவில்" என்றேன், கேள்வி புரியாமல்.

"அப்படியானால் அவருக்கு அங்கே நிறையத் தெரிந்தவர்கள் இருப்பார்களே. நீங்கள் எதற்கு?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளாகப் படித்த மொழியில் வேறு சொல் தேடினேன். "என் அம்மாவின் இன்னொரு மகள்" என்றேன் கடைசியில், சிறு பிள்ளை போல. அவர் தட்டச்சை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், பத்து நிமிடத்தில் முத்திரை வைத்த தாளோடு வந்தார். தாளைக் கொடுக்கும்போது, "உங்கள் அம்மாவின் மகள் நலமாகட்டும்" என்றார்.

6

நான் மதுரை போய்ச் சேர்ந்தபோது ஸ்டீராய்டு தொடங்கி நான்கு நாளாகியிருந்தது. எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. நஸ்ரின் தூங்கிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் அன்வர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டு எழுந்து, பெஞ்சில் இடம் விட்டார்.

"டாக்டரம்மா சொன்னாக. பாதிதான் புரிஞ்சது. டெங்கு வந்தா கொறையுமே, அந்த பிளேட்லெட்டுதான?"

"அதேதான். ஆனா இங்க கொசு காரணமில்ல. பி செல்லுன்னு ஒண்ணு இருக்கு. கிருமி வந்தா அது மேல போயி ஒட்டுறதுக்கு ஒரு பொருளச் செஞ்சு அனுப்பும். அந்தப் பொருள் ஒட்டுனத மண்ணீரல் தின்னுரும். நஸ்ரின் உடம்புல அது பிளேட்லெட் மேலயே ஒட்டிக்கிட்டிருக்கு."

"சொந்த ரத்தத்து மேலயா? ஏன்?"

"அப்படிச் செய்யக்கூடிய செல்லு எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கும். அத அடக்கி வைக்கிறதுக்குன்னு வேற செல்லு இருக்கு."

"அடிச்சுக் கொன்னுருமா?"

"பெரும்பாலும் இல்ல. பி செல்லு தனியா அம்புட்டு வேலை செய்யாது. இன்னொரு செல்லு பக்கத்துல வந்து, ம், செய்யின்னு தட்டிக் குடுக்கணும். அடக்குற செல்லு அந்த எடத்துக்கே போயி, தட்டிக் குடுக்குறத நிறுத்தும். அமைதியாப் போங்கன்னு சில பொருளையும் விடும். கிருமி ஒழிஞ்ச பெறகு சண்டை அடங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்."

"இவளுக்கு அது இல்லையா?"

"இருக்கும். கொறஞ்சிருக்கலாம், சரியா வேலை செய்யாம இருக்கலாம். இந்த நோயில அப்படி நெறையப் பேருக்குப் பாத்திருக்காங்க. இவளுக்கு ஏன் வந்துச்சுன்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. இப்ப குடுக்குற மாத்திரை சண்டையக் கொறைக்கும். அடக்குற செல்லுக்கும் கொஞ்சம் பலம் குடுக்குதுன்னு சொல்றாங்க."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புளிச்சாறு ஏறிக் கறுத்த விரல்கள்.

"மூணு மாசத்துக்கு முன்னாடியே திண்டுக்கல் போயி டாக்டரப் பாப்போம்னு சொன்னேன். சீசன் முடியட்டும்னா. நானும் விட்டுட்டேன். அதான் எனக்கு ஆறல."

நான் மன்னிப்புக் கேட்டேன். விமானத்தில் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன் மாப்ள" என்று மட்டும் வந்தது.

அவர் சொன்னார்:

"இங்க வச்சுக் கேட்டு என்னக்கா ஆகப்போகுது? உங்கம்மா நத்தத்துல, என்கிட்ட வேல பாக்குறவுக முன்னாடி சொன்னாக. அன்னையிலருந்து பள்ளிவாசல்ல பக்கத்துல நிக்கிற ஆளு என் கையத்தான் பாக்குறான். கேக்குறதா இருந்தா அங்க வந்து கேளுங்க."

நஸ்ரின் நத்தம் வீட்டுக்குத் திரும்பிய வாரத்தில் அம்மாவும் நானும் அங்கே போனோம். மண்டி வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை முந்திக்கொண்டார். "அன்னைக்கு நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். என் மருமகன் மேல ஒரு குத்தமும் இல்ல. என் மகளுக்கு ரத்தத்துல வியாதி." போனில் அவரைக் கேட்டது நான்தான், அம்மாவைத் தூண்டிவிட்டது நான்தான் என்று நானும் சொன்னேன். வியாதி என்ன என்பதையும் சொன்னேன். "நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்" என்றார் ஒரு பெண், தலையை நிமிராமல். அன்வர் வெளியே வரவில்லை. உள்ளே எடை போட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எல்லோருக்கும் டீ வந்தது. எங்களுக்கும்.

அவர் மன்னித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாத்திரையைக் குறைத்தபோது, மூன்றாம் மாதம், நஸ்ரினுக்கு மறுபடி எண்ணிக்கை இறங்கியது. அப்போது பி செல்களையே காலி செய்கிற மருந்தை வாரம் ஒருமுறையாக நான்கு வாரம் நரம்பில் ஏற்றினார்கள். அதன் பிறகு நிலைத்து நிற்கிறது. திரும்ப வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் படம் எடுத்து எனக்கு அனுப்புபவர் அன்வர்தான். கீழே ஒரு வார்த்தையும் எழுத மாட்டார். நான் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று எழுதுவேன்.

மரியத்திடமும் ஒருநாள் சொன்னேன், அன்று மருதாணி இட்டபோது அவள் சொன்னதுதான் சரியான சொல் என்று. "எதும்மா?" என்றாள், ஜெர்மனில். அவளுக்கு அது நினைவில்லை.

7

நத்தத்தில் அன்று நடந்த ஒன்றை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா நஸ்ரினோடு தங்கிவிட்டார். நான் தனியாக பஸ் நிலையத்துக்கு நடந்தேன். பின்னால் யாரோ வேகமாக வருவது கேட்டது. வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி. முப்பது வயதிருக்கும். பெயர் ஈஸ்வரி என்றாள்.

"அக்கா, அந்த வியாதி இருந்தா புள்ளி புள்ளியா வரும்னு சொன்னீகளே. எனக்கும் பாத்துச் சொல்றீகளா?"

நிழற்குடையின் ஓரத்தில் நின்று ஜாக்கெட் கையை மேலே ஏற்றினாள். மேல்கையைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக நான்கு பட்டைகள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். புள்ளி ஒன்றுகூட இல்லை. பல்லில் ரத்தம் வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். மாதக் கணக்கு சரி. வேறு எங்கும் கசிவு இல்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாதி என்று நான் சொல்ல வேண்டும் என்று அவள் விரும்பியது தெரிந்தது. வியாதி என்றால் மாத்திரை உண்டு.

"ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாக்கலாம். ஆனா எனக்கு இது வியாதியாத் தெரியலம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள். கையை இறக்கிவிட்டாள்.

திண்டுக்கல் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. இது யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. யாரையும் அழைக்கிறேன் என்று சொல்லவில்லை. முந்தின மாதம் நஸ்ரினுக்குச் செய்தது போல அவளுக்கு முன்னால் ஓட எனக்குத் துணிவில்லை, அது சரியுமில்லை.

"இப்ப நீ என்ன செய்யணும்னு நெனக்கிற, ஈஸ்வரி?"

அடுத்த பஸ்ஸும் வந்து போனது. அவள் சேலை முந்தியால் கையிலிருந்த புளியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"கன்னிவாடியில எங்கண்ணன் இருக்கு. ரெண்டு வருசமாப் பேசல. என் போன எங்க வீட்டுக்காரரு வாங்கி வச்சுக்கிட்டாரு. உங்க போனக் கொஞ்சம் குடுக்குறீகளா?"

கொடுத்தேன். எண்ணை எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. பத்து இலக்கங்களையும் நிறுத்தாமல் அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"அண்ணே, நான்தான்" என்றாள்.